பேஸ்பால் கார்டு: சேர்ப்பது, வெட்டுவது, புதிதாகச் செய்வது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாதி இடம் பேஸ்பால் கார்டுகளுக்குப் போய்விட்டது. பன்னிரண்டு வருடமாகச் சேர்க்கிறேன். கடைசி ஏழு வருடமாக வெட்டி ஒட்டியும் அச்சடித்தும் நானே புதிதாகச் செய்துகொண்டும் இருக்கிறேன். வீட்டுக்கு வரும் நண்பர்கள், மகளின் அணியில் ஆடும் பிள்ளைகளின் பெற்றோர், ஊரிலிருந்து போனில் பேசும் தம்பி என்று எல்லோரும் கேட்கிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

பேஸ்பால் கார்டு என்றால் என்ன?

இரண்டரை அங்குல அகலமும் மூன்றரை அங்குல உயரமும் உள்ள ஓர் அட்டை. முன்னால் ஆட்டக்காரரின் படம். பின்னால் அவர் பிறந்த ஊர், உயரம், எடை, எந்த வருடம் எந்த அணியில் எத்தனை ஆட்டம் ஆடினார், எத்தனை அடித்தார் என்ற கணக்கு. அவ்வளவுதான்.

1880களில் சிகரெட் பாக்கெட் நசுங்காமல் இருக்க உள்ளே ஓர் அட்டையைச் செருகினார்கள். அதில் படம் போட்டால் வாங்கியவர் மறுபடியும் வருவார் என்று கம்பெனிகள் கண்டுகொண்டன. பிறகு சிகரெட்டின் இடத்துக்குச் சூயிங் கம் வந்தது. 1951 இலையுதிர் காலத்தில் டாப்ஸ் கம்பெனியின் சை பெர்கரும் வுடி ஜெல்மனும் புரூக்ளினில் பெர்கர் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து, 1952-இல் வெளியான 407 கார்டுகள் கொண்ட செட்டை வடிவமைத்தார்கள். பெரிய வண்ணப் படம், அணியின் சின்னம், ஆட்டக்காரரின் கையெழுத்து, பின்னால் கணக்கு. இன்றைக்கும் கார்டு என்றால் அந்த அமைப்புதான் மனதில் வருகிறது. 1957-இல் அளவும் இப்போதுள்ள அளவாக நிலைத்தது.

சின்ன வயதில் தீப்பெட்டிப் படம் பொறுக்கி, இரண்டு வந்துவிட்டால் பக்கத்து வீட்டுப் பையனிடம் மாற்றிக்கொண்டு வளர்ந்தவன் நான். இந்தப் பழக்கத்தை எனக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒரு கார்டு கோடிக்கணக்கான டாலருக்கு விற்றதாமே, உண்மையா?

உண்மைதான். 2022 ஆகஸ்டில், 1952 டாப்ஸ் செட்டின் 311ஆம் எண்ணான, நியூயார்க் யாங்கீஸ் அணியின் மிக்கி மேன்டில் கார்டு ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதே ஆண்டில் ஹோனஸ் வாக்னரின் டி206 கார்டு ஒன்று 72.5 லட்சம் டாலருக்கு விற்றது. டி206 என்பது 1909 முதல் 1911 வரை சிகரெட்டோடு வந்த செட். வாக்னரின் கார்டை மட்டும் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகள் கார்டுக்காகச் சிகரெட் வாங்குவது அவருக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு சாராரும், தன் படத்துக்குக் காசு தரவில்லை என்று கோபப்பட்டார் என்று இன்னொரு சாராரும் சொல்கிறார்கள். இன்று மிஞ்சியிருப்பவை சில டஜன்தான்.

மேன்டில் கதை வேறு. அது அவருடைய முதல் கார்டுகூட இல்லை. முதல் கார்டு 1951-இல் போமன் கம்பெனி போட்டது. 1952 செட்டின் கடைசிப் பகுதி பேஸ்பால் சீசன் முடியும் தறுவாயில் கடைக்கு வந்ததால் விற்கவில்லை. வருடக்கணக்காகக் கிடங்கில் கிடந்த பெட்டிகளை 1960-இல் பெர்கரே படகில் ஏற்றிக்கொண்டு போய் அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டு வந்தார். அந்தப் பகுதியின் முதல் எண்தான் 311.

எங்கள் வீட்டு கேரேஜில் 1988-ஆம் வருடக் கார்டு பெட்டி பெட்டியாக இருக்கிறது. நல்ல விலை போகுமா?

போகாது. இந்தக் கேள்வியைக் கேட்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்வது எனக்கு ஒவ்வொரு முறையும் கஷ்டமாக இருக்கிறது. பல பேருக்கு அது அப்பா தன் பிள்ளையின் கல்லூரிப் படிப்புக்கென்று எடுத்து வைத்த பெட்டி.

நடந்தது இதுதான். பல வருடம் கடையில் கம்மோடு பேஸ்பால் கார்டு விற்கும் உரிமை நடைமுறையில் டாப்ஸிடம் மட்டும்தான் இருந்தது. ஃப்ளீர் கம்பெனி வழக்குப் போட்டது. 1980-இல் தீர்ப்பு வந்தது. 1981-இல் ஃப்ளீர், டான்ரஸ் இரண்டும் சந்தையில் இறங்கின. பின்னாலேயே ஸ்கோர், அப்பர் டெக் என்று வந்துகொண்டே இருந்தன. அதே சமயத்தில், அம்மாக்கள் குப்பையில் போட்ட 1950களின் கார்டு இன்று எவ்வளவு விலை தெரியுமா என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. உடனே எல்லோரும் வாங்கினார்கள், ஒருவரும் தூக்கிப் போடவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கிடைக்கும்படி கம்பெனிகளும் அச்சடித்தன. பழைய கார்டுக்கு விலை வந்ததே மற்றவர்கள் எறிந்துவிட்டதால்தான். எல்லோரும் பத்திரப்படுத்திய பொருள் எப்படி அரிதாகும்? 1994-இல் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து, சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்டு சீரீஸே ரத்தானபோது சந்தை இன்னும் படுத்தது. 1980களின் நடுவிலிருந்து 1990களின் முற்பகுதி வரை வந்த கார்டுகளைச் சேகரிப்பவர்கள் 'ஜங்க் வாக்ஸ்' என்கிறார்கள். மெழுகுத்தாளில் சுற்றி வந்த குப்பை என்று பொருள்.

குப்பை என்ற பெயரை நான் ஒப்புக்கொள்வதில்லை. என்னிடம் வந்த முதல் கார்டுகளே அவைதான். அலுவலகத்தில் ஒரு சீனியர் வீடு மாறும்போது, 1987 டாப்ஸ் கார்டுகள் நிறைந்த ஒரு பெட்டியை "எடுத்துட்டுப் போ" என்று என் காரில் வைத்துவிட்டார். மரப்பலகை போன்ற பழுப்பு ஓரம், வட்டத்துக்குள் அணியின் சின்னம். உள்ளே பிரிக்காத பாக்கெட்டும் சில இருந்தன. ஒன்றைப் பிரித்தேன். கம் கல்லாகி, தொட்டதும் பொடிந்தது. அதை ஒட்டியிருந்த கார்டின் பின்பக்கத்தில் கம்மின் அளவுக்குச் செவ்வகமாக ஒரு கறை. விரலை மூக்கருகே கொண்டுபோனபோது லேசாகச் சர்க்கரை மணம். நான் தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளியில் இருந்த வருடத்தில் இங்கே யாரோ இதை மடித்து ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தேன்.

விலை இல்லை என்பது இந்தக் கார்டுகள் நமக்குத் தரும் சுதந்திரம். கத்தியை எடுக்கலாம். அதற்குக் கீழே வருகிறேன்.

விலைக்காக இல்லையென்றால் சேர்ப்பதில் என்ன சுகம்?

எனக்குப் பின்பக்கம்தான் சுகம். பந்து எறியும் பிட்சர் ஒருவர் எட்டு வருடம் சின்ன ஊர் அணிகளில் கிடந்து, பிறகு ஒரே ஒரு வருடம் பெரிய லீகான மேஜர் லீகுக்கு வந்து ஆறு ஆட்டம் ஆடியிருப்பார். அந்த ஆறு ஆட்டத்துக்கும் ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் படித்துவிட்டு முன்பக்கம் திருப்பி முகத்தைப் பார்த்தால் அவர் வேறு ஆளாகத் தெரிவார்.

அப்புறம் தவறுகள். 1957 டாப்ஸில் ஹாங்க் ஆரன் இடக்கை ஆட்டக்காரர் போல நிற்பார். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்துவிட்டார்கள். 1969-இல் ஏஞ்சல்ஸ் அணியின் ஔரேலியோ ரோட்ரிகஸ் கார்டில் இருப்பது அவரே இல்லை, அணியின் பேட் எடுத்துக் கொடுக்கும் பையன். 1960களில் டாப்ஸ் கார்டுகளில் ராபர்ட்டோ கிளமென்டேயைப் 'பாப்' கிளமென்டே என்று போட்டிருப்பார்கள். இது அச்சுப் பிழை அல்ல. புவெர்ட்டோ ரிக்கோவில் பிறந்த மனிதரின் பெயரை அமெரிக்க வாய்க்கு வசதியாக மாற்றிவிட்டார்கள். அவருக்கு அது பிடிக்கவே இல்லை. தன் பெயரை அடுத்தவர் சுருக்கிக் கூப்பிடும் அலுவலகத்தில் வேலை பார்க்கும் எந்தத் தமிழருக்கும் அந்தக் கார்டு புரியும்.

எங்கே தொடங்குவது?

ஓர் அணி, அல்லது ஓர் ஆட்டக்காரர், அல்லது ஒரே ஒரு செட். எல்லாவற்றையும் சேர்க்கப் போனால் ஆறு மாதத்தில் வீடு நிறையும், மனம் வெறுத்துவிடும்.

நான் செட் கட்டச் சொல்வேன். பட்டியலை அச்செடுத்துக்கொண்டு ஒவ்வோர் எண்ணாக அடிக்கும் சுகம் வேறு எதிலும் இல்லை. வார இறுதியில் ஓட்டல் ஹாலிலோ தீயணைப்பு நிலைய ஹாலிலோ கார்டு ஷோ நடக்கும். நீள மேசைகளில் பெட்டி பெட்டியாக இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதை விட்டுவிட்டு, மேசைக்குக் கீழே 'ஒன்று ஒரு டாலர்' என்று எழுதி வைத்திருக்கும் நீளப் பெட்டியைக் கேளுங்கள். விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போகலாம். விற்பவரிடம் எண்களைச் சொன்னால் பெரும்பாலும் அவரே தேடித் தருவார். ஐந்தாறு சேர்த்து எடுத்துக்கொண்டு "மொத்தமாக எவ்வளவு?" என்று கேட்பது அங்கே மரியாதையான பேரம்தான்.

செட் கட்டும்போது கடைசி ஐந்து எண்கள் படுத்தும் பாடு இருக்கிறதே, அது புதிதில்லை. கௌடி என்ற கம் கம்பெனி 1933-இல் போட்ட செட்டில் 106ஆம் எண் கார்டை அந்த வருடம் வெளியிடவே இல்லை. பிள்ளைகள் அதைத் தேடிக் கம் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். புகார் எழுதிக் கேட்டவர்களுக்கு மட்டும் மறு வருடம் அந்த எண்ணில் பழைய ஆட்டக்காரர் நேப் லாஜுவேயின் கார்டைத் தபாலில் அனுப்பினார்கள். அதனாலேயே இன்று அது கௌடியிலேயே மிக அரிய கார்டு.

பாக்கெட் வாங்கிப் பிரிப்பது நல்லதா?

பிரிப்பது ஆனந்தம்தான். ஆனால் இன்றைய பாக்கெட் பாதி லாட்டரிச் சீட்டு. கையெழுத்துள்ளது, சட்டைத் துண்டு பதித்தது, உலகத்தில் ஒன்றே ஒன்று உள்ளது என்று ஆசை காட்டித்தான் விற்கிறார்கள். பிட்சர் பால் ஸ்கீன்ஸ் அறிமுக ஆட்டத்தில் அணிந்த சட்டையில் தைத்திருந்த பேட்ச் பதித்த ஒரே கார்டு, லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஒரு 11 வயதுப் பையனுக்குக் கிடைத்தது. 2025 மார்ச்சில் அது 11 லட்சம் டாலருக்கு மேல் விற்றது. அந்தச் செய்தியைக் காட்டி என் மகள் ஒரு முழுப் பெட்டி கேட்டாள். பிறந்த நாளுக்கு ஒரு பெட்டி, மற்ற நாளில் பிடித்த கார்டைத் தனியாக வாங்குவது என்று வைத்துக்கொண்டோம். இணையத்தில் நேரலையில் யாரோ உங்களுக்காகப் பெட்டி பிரிப்பதற்குப் பணம் கட்டுவதைப் பிள்ளைகளுக்குப் பழக்காதீர்கள். எனக்கு அது சூதாட்டமாகவே படுகிறது.

ஏமாற்று வேலை நிறைய நடக்கிறதாமே?

நடக்கிறது, நானும் மாட்டியிருக்கிறேன். 1971 டாப்ஸ் கார்டுகளுக்கு நாலு பக்கமும் கறுப்பு ஓரம். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் விரல் பட்டாலே கறுப்பு உதிர்ந்து வெள்ளை அட்டை எட்டிப் பார்க்கும். அதனால் ஓரம் கெடாத 1971 கார்டு கிடைப்பது கடினம். அந்த வருடத்துக் கிளமென்டே கார்டு, முழுப் பெயரோடு வந்தது, ஓரம் கெடாமல் இருப்பதாக ஒருவர் விற்றார். இரண்டு மாதம் சேர்த்த பணத்தில் வாங்கினேன். வீட்டுக்கு வந்து சாளரத்தருகே சாய்த்துப் பிடித்தேன். படத்தின் மேல் வெளிச்சம் மென்மையாக வழுக்கிக்கொண்டு போனது. இடது ஓரத்தில் மட்டும் ஊதா கலந்த ஒரு பளபளப்பு. பூதக்கண்ணாடியில் பார்த்தால் மார்க்கர் மை அட்டையின் நாருக்குள் ஊறியிருந்தது. விற்றவர் அதன்பின் போனை எடுக்கவில்லை.

அன்றிலிருந்து மூன்று விஷயம் செய்கிறேன். வாங்கும் முன் சாய்வான வெளிச்சத்தில் பார்ப்பேன். அதே செட்டின் மலிவான கார்டு ஒன்றை மேலே வைத்து அளவு பார்ப்பேன். ஒரு மயிரிழை குறைந்தாலும் ஓரத்தைச் சீவியிருக்கிறார்கள் என்று பொருள். கையடக்கப் புற ஊதா விளக்கால் அடித்துப் பார்ப்பேன். 1940களுக்கு முந்தைய கார்டென்று விற்பது நீலமாக ஒளிர்ந்தால் அது பிற்காலக் காகிதம்.

கிரேடிங் செய்வது அவசியமா?

விற்பதாக இருந்தால் செய்யுங்கள். கிரேடிங் கம்பெனிக்கு அனுப்பினால், படம் நடுவில் இருக்கிறதா, மூலை கூர்மையா, ஓரமும் மேல்பரப்பும் எப்படி என்று பார்த்து 10-க்கு மதிப்பெண் போட்டு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துத் தருவார்கள். 1991-இல் தொடங்கிய பி.எஸ்.ஏ. என்ற கிரேடிங் கம்பெனி முதன்முதலில் மதிப்பெண் போட்ட கார்டு ஒரு வாக்னர். அதற்கு 8 கொடுத்தார்கள். அதன் ஓரத்தைத் தான்தான் வெட்டியதாக ஒரு வியாபாரி 2013-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். எனக்காக வைத்திருக்கும் எதையும் நான் அனுப்பியதில்லை. கையில் எடுத்துத் திருப்பிப் பின்பக்கம் தடவிப் படிக்க முடியாத கார்டு எனக்கு எதற்கு?

நீங்களே கார்டு செய்வது என்றால்? அது போலி ஆகாதா?

ஏற்கெனவே இருக்கும் கார்டை அப்படியே நகல் எடுத்து அசல் என்று சொன்னால்தான் போலி. நாங்கள் செய்வது இதுவரை இல்லாத கார்டை. சேகரிப்பவர்கள் இதைக் 'கஸ்டம்' என்பார்கள்.

கம்பெனிகளே காலங்காலமாக இந்த வேலையைச் செய்தவைதான். ஓர் ஆட்டக்காரர் அணி மாறிவிட்டால் புதுப்படம் எடுக்க நேரம் இருக்காது. டாப்ஸ் ஓவியர்கள் பழைய படத்தின் மேலேயே ஏர்பிரஷ்ஷால் புதுத் தொப்பியை வரைந்துவிடுவார்கள். 1977-இல் ரெஜி ஜாக்சனுக்கு யாங்கீஸ் உடுப்பு வந்தது அப்படித்தான். 1989 அப்பர் டெக்கின் முதல் கார்டான கென் கிரிஃபி ஜூனியர், அந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஏங்கிய கார்டு, அதிலும் தொப்பி தீட்டியதுதான். உண்மையில் அவர் அணிந்திருந்தது ஒரு சின்ன லீக் அணியின் தொப்பி.

நான் இதில் இறங்கியதற்குக் காரணம் ஜாஷ் கிப்சன். கறுப்பின ஆட்டக்காரர்களைப் பெரிய லீகில் சேர்க்காத காலத்தில், அவர்களுக்கென்று இருந்த நீக்ரோ லீக்ஸில் ஹோம்ஸ்டெட் கிரேஸ், பிட்ஸ்பர்க் கிராஃபர்ட்ஸ் அணிகளுக்கு ஆடிய கேட்சர், அதாவது பிட்சர் எறியும் பந்தைப் பிடிப்பவர். 1947 ஜனவரியில் 35 வயதில் இறந்தார். அந்த ஏப்ரலில்தான் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு ஆடி நிறத் தடையை உடைத்தார். கௌடியோ அந்தக் காலத்தின் இன்னொரு செட்டான ப்ளே பாலோ கிப்சனுக்கு ஒரு கார்டு போடவில்லை. 1972-இல் பேஸ்பாலின் கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். 2024 மே மாதம் நீக்ரோ லீக்ஸ் கணக்குகளைப் பெரிய லீகின் அதிகாரபூர்வக் கணக்கோடு சேர்த்தபோது, .372 என்ற பேட்டிங் சராசரியோடு, அதுவரை முதலிடத்தில் இருந்த டை காபைத் தாண்டி எல்லாக் காலத்துக்கும் முதலிடம் அவருக்கு வந்தது. அப்படிப்பட்டவருக்கு அவர் ஆடிய காலத்துக் கார்டு ஒன்று இருந்திருக்க வேண்டாமா?

செய்தேன். 1941 ப்ளே பால் செட்டின் பாணியில், வண்ணம் பூசிய புகைப்படம் போலத் தெரியும்படி நானே பென்சிலில் வரைந்து வாட்டர்கலர் தீட்டினேன். அந்தக் காலக் கார்டு இன்றையதைவிடக் கொஞ்சம் குட்டை, அதே அளவில் வெட்டினேன். பின்பக்கத்தில் அவர் பிறந்தது, ஆடிய அணிகள், அந்தச் சராசரி. நான்கு முறை அச்சடித்துத்தான் காகிதத்தின் மஞ்சள் சரியாக வந்தது. என் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் அதுதான் இருக்கிறது.

அச்சடித்துச் செய்வது எப்படி? என்னென்ன வேண்டும்?

கணினியில் 750-க்கு 1050 பிக்சல் அளவில் ஒரு பக்கம் திறந்துகொள்ளுங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அது சரியாகக் கார்டு அளவு. வெட்டும்போது தவறினாலும் வெள்ளை தெரியாமலிருக்க, படத்தை நாலு பக்கமும் எட்டில் ஒரு அங்குலம் கூடுதலாக நீட்டிக்கொள்ளுங்கள். ஜிம்ப் போன்ற இலவச மென்பொருளே போதும்.

முன்பக்கத்தை மேட் போட்டோ தாளிலும் பின்பக்கத்தைச் சாதாரணத் தடித்த தாளிலும் தனித்தனியாக அச்சடியுங்கள். இரண்டையும் ஒன்றோடு ஒன்று ஒட்டினால் துவண்டு போகும். நடுவில் ஒரு விறைப்பு வேண்டும். அதற்கு என் வழி, மூலை மடிந்த ஒரு 1988 கார்டையே நடு அட்டையாக வைப்பது. கையில் எடுத்தால் அசல் கார்டின் கனமும் சத்தமும் வரும். பசைக் குச்சி வேண்டாம், அலையலையாகத் தூக்கிவிடும். ஸ்பிரே பசை அடித்து, ஒட்டி, இரண்டு கனமான அகராதிக்கு அடியில் ஒரு ராத்திரி வையுங்கள். மறுநாள் இரும்பு ஸ்கேல் வைத்து வெட்டுங்கள். ஒரே அழுத்தில் வெட்டப் பார்க்காதீர்கள், நாலைந்து முறை லேசாக இழுங்கள்.

மகளின் அணிக்குப் போன வருடம் இப்படி 12 கார்டு செய்தேன். 1987-இன் மரப்பலகை ஓரம், பெயர், பின்னால் அந்த சீசனின் கணக்கு. சீசன் முடிந்து பீட்சா சாப்பிடும்போது கொடுத்தோம். ஒரு பையன் சீசன் முழுக்க ஒரே ஒரு முறைதான் பந்தை அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடியிருந்தான். அவனுடைய கார்டின் பின்பக்கத்தில் அந்த ஒரு ஹிட்டின் தேதியையும் எந்த இன்னிங்ஸ் என்பதையும் போட்டிருந்தேன். அவன் பீட்சாவைக் கீழே வைத்துவிட்டு, விரலை டிஷ்யூவில் துடைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் கார்டைத் தொட்டான்.

கார்டை வெட்டி அடுக்கடுக்காகச் செய்கிறார்களே, அது எப்படி?

ஒரே கார்டு ஐந்து வேண்டும். ஜங்க் வாக்ஸ் காலத்துக் கார்டு என்பதால் ஐந்தும் சேர்ந்து ஒரு காப்பி விலைகூட வராது. முதல் கார்டு அப்படியே அடியில். இரண்டாவதில் பின்னணியை வெட்டி எடுத்துவிட்டு ஆளை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவதில் உடம்பின் முன்பகுதி, நான்காவதில் கையும் பேட்டும் மட்டும். ஐந்தாவதில் வெறும் ஓரச் சட்டம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர் ஃபோம் டேப். அடுக்கிப் பார்த்தால் ஆட்டக்காரர் சட்டத்தைத் தாண்டி வெளியே வருவார். காந்தத்தால் மூடும் தடித்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்துவிடலாம்.

கஷ்டமெல்லாம் கத்தியில்தான். பேனா போன்ற கத்தியில் 11ஆம் எண் பிளேடு போடுங்கள். இரண்டு கார்டுக்கு ஒரு பிளேடு என்று மாற்றிவிடுங்கள். மழுங்கிய பிளேடு அட்டையை வெட்டாது, பிய்க்கும். வளைவு வரும்போது கத்தியைத் திருப்பாமல் கார்டைத் திருப்புங்கள். முதலில் உள்ளே இருக்கும் சின்ன இடைவெளிகளை, கைக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள முக்கோணம் போன்றவற்றை எடுங்கள். வெளிக்கோடு கடைசியில்தான். நான் முதலில் செய்தது ஒரு கேட்சர். முகமூடிக் கம்பிகளுக்கு இடையே வெட்டி முடிக்க இரண்டு மணி நேரம். கடைசிக் கம்பியில் கை நழுவி அறுந்துவிட்டது. இன்னொரு பிரதி எடுத்து மறுபடியும் தொடங்கினேன். ஐந்தாறு கார்டு வீணான பிறகுதான் கை பழகும்.

வெட்டிய ஓரத்தில் வெள்ளை தெரியும். அதன்மேல் பொருத்தமான நிறத்தில் மார்க்கர் இழுத்துவிட்டால் மறைந்துவிடும். 1971 கார்டில் என்னை ஏமாற்றிய அதே மார்க்கர்தான். இங்கே யாரும் ஏமாறப் போவதில்லை என்பதால் நான் நிம்மதியாக இழுக்கிறேன்.

பழைய கார்டை வெட்ட மனம் வருகிறதா?

வெட்டும் முன் பார்த்துக்கொள்வேன். 1989 அப்பர் டெக் கிரிஃபியையும், பெயர் அச்சாகாமல் வந்த 1990 டாப்ஸ் ஃபிராங்க் தாமஸையும் வெட்டிவிட்டால் வருத்தப்பட வேண்டியிருக்கும். 1980-க்கு முந்தைய எதையும், எவ்வளவு கிழிந்திருந்தாலும், நான் வெட்டுவதில்லை. மற்றவை முப்பது நாற்பது வருடம் இருட்டில் கிடந்தவை.

செய்த கார்டை விற்கலாமா?

நான் விற்பதில்லை. அணியின் சின்னம் டிரேட்மார்க், புகைப்படம் எடுத்தவருக்கு உரிமை உண்டு, ஆட்டக்காரருக்குத் தன் முகத்தின் மீது உரிமை உண்டு. அனுமதி இல்லாமல் அச்சடித்து விற்றால் வம்பு. உங்களுக்கும் நண்பர்களுக்கும் செய்துகொள்ளுங்கள். பின்பக்கத்தில் கண்டிப்பாக 'கஸ்டம்' என்று எழுதி, வருடமும் போட்டுவிடுங்கள். இருபது வருடம் கழித்து வேறொருவர் கைக்குப் போகும்போது அவர் ஏமாறக் கூடாது.

சென்னையில் இருந்துகொண்டு சேர்க்கலாமா?

சேர்க்கலாம். தபால் செலவுதான் கார்டு விலையைவிட அதிகமாகும், அதனால் ஓர் ஐம்பது கார்டாகச் சேர்த்து வரவழையுங்கள். பெரிய எதிரி ஈரப்பதம். பளபளப்பான ஃபாயில் கார்டுகள் வளைந்துவிடும். மெல்லிய உறைக்குள் போட்டு, அதற்கு மேல் டாப்லோடர் என்ற கெட்டியான பிளாஸ்டிக் உறை, அதற்கு மேல் மூடி இறுகும் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம். பி.வி.சி. ஆல்பத் தாள் வேண்டவே வேண்டாம், நாளடைவில் கார்டோடு ஒட்டிக்கொள்ளும்.

உங்களுக்குப் பிறகு இவற்றை என்ன செய்வார்கள்?

இதை என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி.

சிரக்யூஸ் நகரத்தில் மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஜெஃபர்சன் பர்டிக் என்பவர்தான் இந்தக் கார்டுகளுக்கெல்லாம் முதலில் முறையாகப் பட்டியல் போட்டவர். டி206 என்ற பெயரே அவர் கொடுத்ததுதான். பேஸ்பால் கார்டுகள் மட்டும் 30,000-க்கு மேல் வைத்திருந்தார். அத்தனையையும் நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்துக்குக் கொடுத்தார். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப் போயிருந்தன. அப்படியும் வருடக்கணக்காக அங்கே ஒரு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு கார்டாக ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டினார். 1963 ஜனவரியில் ஒட்டி முடித்தார், மார்ச்சில் இறந்துபோனார். பசை போட்டால் கார்டின் விலை போய்விடும் என்று இன்று யாரும் சொல்வார்கள். விற்கிற எண்ணமே அவருக்கு இல்லை.

என் பெட்டியின் மூடியில் உள்பக்கமாக ஒரு தாள் ஒட்டி வைத்திருக்கிறேன். எதை விற்கலாம், அதற்கு எவ்வளவு கேட்கலாம் என்று பதினேழு வரி. எவற்றை யார் வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம் என்று ஒரு வரி. கிப்சன் கார்டு பக்கத்தில் மட்டும் எதுவும் எழுதவில்லை. போன வாரம் மகள் அங்கே பென்சிலில் தன் பெயரை எழுதியிருக்கிறாள்.